மடை திறக்கும் உரிமை விற்பனைக்கு அல்ல

காவிரி டெல்டாவின் நெல் விவசாயிகளைக் கார்பன் சந்தைக்கு அழைக்கும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். நீர் நிற்கும் வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுகிறது, விவசாயி விவரம் தெரியாமல் தேவைக்கு மேல் தண்ணீர் கட்டுகிறார், காயவிட்டுப் பாய்ச்ச அவருக்குக் கற்றுக்கொடுத்தால் மீத்தேன் குறையும், அப்படிக் குறைந்ததைக் கார்பன் கிரெடிட்டாக விற்றால் செலவே இல்லாமல் இரண்டாவது வருமானம் வரும் என்பது அதன் சாரம். இதைக் கேள்வி கேட்பவர்கள் பருவநிலை மாற்றத்தையே மறுப்பவர்கள் என்று முத்திரையும் குத்திவிட்டுத்தான் கட்டுரையாளர் முடிக்கிறார். அவர் சொன்னதில் மீத்தேன் பற்றிய அறிவியல் மட்டும் உண்மை. மற்றவை வயலில் கால் வைக்காமல் எழுதப்பட்டவை. அவற்றை நம்பிக் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த எதிர்வினை.

உண்மையானதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நீர் தேங்கிய சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப்போல 27, 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. நீரைக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையைப் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல ஆண்டுகள் சோதித்திருக்கிறது. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் விளைச்சல் குறையாது, மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகும். சரியான மண்ணும் கைக்கு எட்டிய தண்ணீரும் இருக்கும் இடத்தில் இது நல்ல முறை. இதில் எனக்குத் தகராறு இல்லை.

தகராறு தொடங்குவது, டெல்டா விவசாயிக்கு இது தெரியாது என்று கட்டுரையாளர் எழுதும் இடத்தில். காயவிட்டுப் பாய்ச்சுவதையும் உள்ளடக்கிய ஒற்றை நாற்று நடவு தமிழ்நாட்டில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே பரப்பப்பட்டு வருகிறது. உலக வங்கி உதவியுடன் 2007-இல் தொடங்கிய பாசனத் திட்டத்தில் அது முக்கியமான பகுதி. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி அதற்கு 'ராஜராஜன் 1000' என்று அரசு பெயரும் சூட்டியது. 'மயிரிழை வெடிப்பு கண்டதும் தண்ணீர் கட்டு' என்பதை வேளாண்மை உதவி அலுவலரின் வாயிலாகக் கேட்காத ஊர் டெல்டாவில் இல்லை. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற பேச்சு அதற்கும் முந்தையது. ஆகவே தெரியவில்லை என்பதல்ல விஷயம். தெரிந்தும் ஏன் பல வயல்களில் செய்யவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கட்டுரையாளர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவருடைய கட்டுரையே எழுந்திருக்காது.

காயவிட்டுப் பாய்ச்ச வேண்டுமானால், வேண்டிய நாளில் தண்ணீர் வரும் என்ற உறுதி வேண்டும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்க வேண்டும் என்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் அது திறக்கவில்லை. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. திறந்த பிறகும் முறைப்பாசனம். இந்த வாரம் உனக்கு, அடுத்த வாரம் அவனுக்கு. தலைமடையில் நிறைந்து ஓடும் ஆறு, திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் வருவதற்குள் வாய்க்காலின் அடியில் கசியும் ஈரமாகிவிடும். அடுத்த முறை எப்போது என்று நீர்வளத் துறைக்கே சொல்லத் தெரியாத வாய்க்காலில், இன்று வந்த தண்ணீரை வயலில் பிடித்து வைக்காமல் வடித்துவிடச் சொல்வது யாருக்குப் புத்தி சொல்வது? அங்கே வயலில் நிற்கும் நான்கு விரற்கடை நீர் விரயம் அல்ல. பயிரைக் காப்பாற்ற அந்த விவசாயி கையில் இருக்கும் ஒரே சேமிப்பு அது.

மண்ணையும் பார்க்க வேண்டும். டெல்டாவின் பெரும்பகுதி கனத்த களிமண். மயிரிழை வெடிப்பு இரண்டு நாள் தள்ளினால் கை நுழையும் வெடிப்பாகிவிடும். அப்புறம் பாய்ச்சும் தண்ணீர் பயிருக்குப் போகாமல் வெடிப்பு வழியே கீழே போகும். மிச்சம் பிடிக்கப் போய் இரட்டிப்பாகச் செலவாகும். கடலோரக் கடைமடையில் நிலை இன்னும் மோசம். அங்கே நிலத்தடியில் உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீரைக் கட்டி நிறுத்தித்தான் உப்பைக் கீழே அமுக்கி வைக்கிறார்கள். காயவிட்டால் உப்பு மேலே ஏறும், பயிர் நுனி கருகும். உவர் நிலத்துக்கு இந்த முறை ஆகாது என்று நெல் ஆராய்ச்சியாளர்களே சொல்கிறார்கள். நாகப்பட்டினத்துக் கடைமடை விவசாயிக்கு இது பாடமாக வரவில்லை, பட்டு அறிந்தது.

சம்பாவுக்கு வருவோம். டெல்டாவின் பெரிய பட்டம் சம்பாவும் தாளடியும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும்போது வயலில் நீர் நிற்பதை முடிவு செய்வது விவசாயி அல்ல, வானமும் தூர்ந்துபோன வடிகாலும். சாய்வே இல்லாத திருவாரூர், நாகை வயல்களில் பயிர் மூழ்கி அழுகுவதைத் தடுக்கத் தண்ணீரை வடிக்க முடியாமல் கலெக்டர் அலுவலகத்தின் முன் அழுகிய பயிரோடு விவசாயிகள் நிற்கிறார்கள். அவர்களிடம் போய், நீங்கள் தண்ணீரை அளவுக்கு மேல் தேக்குகிறீர்கள் என்று குற்றம் சாட்டுவதற்கு ஒருவருக்கு எவ்வளவு அலட்சியம் இருக்க வேண்டும்! மீத்தேனும் குறைய வேண்டும், பயிரும் பிழைக்க வேண்டும் என்றால் முதலில் வடிகால்களைத் தூர்வார வேண்டும். அதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. வடிகாலைத் தூர்வாரினால் யாருக்கும் கிரெடிட் வராது அல்லவா.

எஞ்சியிருப்பது குறுவையில் பம்புசெட் வைத்திருப்பவர். அவர் நினைத்த நாளில் பாய்ச்சலாம், நிறுத்தலாம். அவரும் ஏன் தயங்குகிறார்? களைதான் காரணம். நிற்கும் தண்ணீர் கோரையையும் குதிரைவாலிப் புல்லையும் முளைக்கவிடாமல் அமுக்குகிறது. வயலைக் காயவிட்டால் களை கிளம்பும். களை கிளம்பினால் ஆள் இறக்க வேண்டும், அல்லது களைக்கொல்லி அடிக்க வேண்டும். களையெடுப்பு டெல்டாவில் பெண்களின் வேலை, பெரும்பாலும் நிலமில்லாத தலித் பெண்களின் வேலை. கூலி கூடினால் விவசாயி மருந்துக்குப் போவார். மருந்துக்குப் போனால் அந்தப் பெண்களுக்கு வேலை போகும், வயலில் பொறுக்கும் நண்டும் நத்தையும் போகும், வரப்பில் கிள்ளும் கீரையும் போகும். இவை எதற்கும் கார்பன் கணக்கில் பத்தி கிடையாது. செலவே இல்லாத வருமானம் என்று கட்டுரையாளர் சொல்வது, அந்தச் செலவை ஏற்கப்போகிறவர்களை அவர் ஆட்களாகவே எண்ணாததால்தான்.

இனி அந்த வருமானத்தை எண்ணிப் பார்ப்போம். தொடர்ந்து நீர் நிற்கும் நெல் வயலில் ஒரு பருவத்துக்கு ஹெக்டேருக்கு 162 கிலோ மீத்தேன் வெளியாகிறது என்பது இந்திய அரசின் கணக்கேட்டில் பயன்படும் அளவு. அதில் பாதி குறைந்தது என்றே வைத்துக்கொண்டாலும் ஏக்கருக்கு ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமமானதைக்கூட எட்டாது. காயும் வயலிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக எழும். அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றுவது. அதைக் கழித்தால் இன்னும் குறையும். நான் கழிக்கவில்லை. ஒரு முழு டன், டன்னுக்குப் பத்து டாலர் என்று தாராளமாகவே போடுகிறேன். ஏறத்தாழ 850 அல்லது 900 ரூபாய். இதில் திட்டத்தைப் பதிவுசெய்தவர், சரிபார்த்தவர், கிரெடிட்டை விற்றுக் கொடுத்தவர் எல்லாரும் எடுத்ததுபோக விவசாயியிடம் வருவது சில நூறு. கூடுதல் களைக்குப் பத்துப் பேரை ஒரு நாள் வயலில் இறக்கினால் அந்தச் சில நூறு மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

இதே ஏக்கரில் 20, 25 குவிண்டால் நெல் விளைகிறது. கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 100 ரூபாய் உயர்ந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனையாமல் இருக்க ஒரு கூரை போட்டால், 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிவிட்டது என்று மூட்டைகளோடு பல நாட்கள் சாலையில் காத்துக் கிடக்காமல் இருந்தால், அதைவிடவும் அதிகமாக மிஞ்சும். விவசாயி வருமானத்தின் மேல் கட்டுரையாளருக்கு உண்மையான அக்கறை இருந்தால் அவருடைய பேனா முதலில் அங்கே போயிருக்கும்.

சில நூறாவது வருமா? ஹரியானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் நடக்கும் ஏழு கார்பன் வேளாண்மைத் திட்டங்களைச் சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி மையமான சிமிட்டின் ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பதிவு செய்திருந்த விவசாயிகளில் 99 சதவீதத்தினருக்கு ஒரு ரூபாயும் வந்திருக்கவில்லை. 45 சதவீதத்தினரிடம் திட்டம் என்ன என்றுகூட யாரும் பேசவில்லை. புதிய முறைக்குப் பயிற்சி பெறாதவர்கள் 60 சதவீதத்துக்கும் மேல். பங்கேற்றவர்களில் பெண்கள் வெறும் 4 சதவீதம். இரண்டாம் ஆண்டிலேயே 28 சதவீதத்தினர் முறையைக் கைவிட்டுவிட்டார்கள். வேளாண்மையில் தன்னார்வக் கார்பன் சந்தைக்கான வழிகாட்டுதலை மத்திய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. அந்த வழிகாட்டுதலைத் தம் கட்டுரையில் பாராட்டியிருக்கும் கட்டுரையாளர், இந்த ஆய்வைத் தொடவே இல்லை. தெரியாமல் விட்டிருந்தால் இந்தப் பொருளில் எழுத அவருக்குத் தகுதியில்லை. தெரிந்தே விட்டிருந்தால் அது வாசகருக்குச் செய்த துரோகம்.

நுணுக்கமான அநீதி இன்னொன்று உண்டு. இந்தச் சந்தையின் அடிப்படை விதி, 'கூடுதல்' மாற்றத்துக்கு மட்டுமே காசு. திட்டம் வருவதற்கு முன்பே சிக்கனமாக நீர் பாய்ச்சிய விவசாயி, தொழுவுரமும் பசுந்தாளும் போட்டு மண்ணைக் காத்த விவசாயி, இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் பேச்சைக் கேட்டு ரசாயனத்தை விட்ட விவசாயி, இவர்களுக்கு ஒரு பைசாவும் கிடையாது. அவர்கள் ஏற்கெனவே நல்லவர்கள். ஒருவர் தம் அறிவால் பல ஆண்டுகள் செய்ததற்கு மதிப்பு பூஜ்யம். அதையே நிறுவனத்தின் செயலியில் படம் எடுத்துப் பதிவேற்றிய நாளிலிருந்து அது பண்டம். உழவர் அறிவுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஏற்பாடு, அந்த அறிவு முன்பே இருந்ததை மறுத்தால்தான் காசு பார்க்க முடியும் என்ற நிலையில் இருக்கிறது.

சீனாவில் இது எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள். அங்கே விவசாயிகள் 1980-களிலிருந்தே நடுப்பருவத்தில் வயல் நீரை வடிப்பவர்கள். ஆனாலும் நெல் மீத்தேனைக் குறைத்ததாகச் சொல்லிப் பல திட்டங்கள் கிரெடிட் வாங்கி விற்றன. கார்பன் கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் உலகின் மிகப் பெரிய அமைப்பான வெர்ரா, மறுஆய்வுக்குப் பின் 2024-இல் அப்படிப்பட்ட 37 திட்டங்களை நிராகரித்தது. கூடுதல் பலன் என்று ஒன்று இருந்ததை அவற்றால் நிரூபிக்க முடியவில்லை. செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று எழுதுகிறாரே கட்டுரையாளர், 37 திட்டங்களில் அது என்ன பார்த்துக்கொண்டிருந்தது?

அளவீட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய கதையை நினைவூட்ட வேண்டும். இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 380 லட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. உலக வெப்பமயமாதலின் பழியில் பெரும் பங்கு நம் நெல் விவசாயி தலையில் விழுந்தது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் 1991-இல் நாடு முழுவதும் வயல்களில் இறங்கி அளந்தார்கள். கிடைத்த விடை ஏறத்தாழ 40 லட்சம் டன். ஒன்பது மடங்குக்கும் மேல் பிழை! அதே 1991-இல் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய அறிக்கை, ஏழை விவசாயி சோற்றுக்காக வெளியிடும் வாயுவையும் பணக்காரர் சொகுசுக்காக வெளியிடும் வாயுவையும் ஒரே தட்டில் வைப்பது அநீதி என்று உலகுக்குச் சொன்னது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த இரண்டு பாடத்தையும் படிக்காமல் ஒருவர் நம் விவசாயிக்கு அறிவியல் சொல்ல வருகிறார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார் என்பதையும் கட்டுரையாளர் யோசித்ததாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர். டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர்களும் ஏராளம். கார்பன் நிறுவனம் கேட்பது பட்டா, சிட்டா. உழுபவரிடம் அவை இல்லை. காசு உடைமையாளருக்குப் போகும். வயலைக் காயவிடும் ஆபத்து குத்தகைதாரருக்கு. நிலத்துக்குப் புதிதாக ஒரு வரும்படி வந்துவிட்டால் குத்தகை ஏறும், அல்லது வாய்மொழிக் குத்தகைதாரர் வெளியேற்றப்படுவார். நியூசிலாந்தில் செம்மறி மேய்ந்த மலைப் பண்ணைகளை வாங்கிக் கார்பனுக்காகப் பைன் மரம் நட்டார்கள். மேய்ப்பரும் மயிர் கத்தரிப்பவரும் போனார்கள். அவர்களை நம்பியிருந்த சிற்றூர்கள் தேய்ந்தன. கடைசியில் அரசே சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. நம் வயலில் யாரும் பைன் நடப்போவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிலத்தின் மதிப்பை அதில் உழைக்காத ஒருவரின் கணக்கு முடிவு செய்யத் தொடங்கினால் உழைப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

அறிவுக்கு என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி வடகென்யா. அங்கே ஏறத்தாழ 19 லட்சம் ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தில் 2013-இல் மண் கார்பன் திட்டம் தொடங்கியது. சம்புரு, போரானா, ரெண்டில்லே மக்கள் மாடும் ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் வறண்ட பூமி அது. மழை ஒரு வருடம் இங்கே பெய்யும், அடுத்த வருடம் அங்கே. மேய்ப்பர்கள் மழையின் பின்னால் போகிறார்கள். எந்தப் புல்வெளியை எப்போது மூடுவது, வறட்சியில் எந்தக் கிணற்றை யாருக்குத் திறப்பது என்பதைப் போரானாக்களின் 'தேதா' என்ற பெரியோர் அவை முடிவு செய்யும். கார்பன் திட்டத்தின் தொடக்க வாதமே, இந்த மக்களின் மேய்ச்சல் திட்டமில்லாதது, அது மண்ணைக் கெடுக்கிறது என்பது. நம் கட்டுரையாளர் டெல்டாவைப் பற்றிச் சொல்வது இதேதான். தேதாவின் இடத்தில் வரைபடமும் அட்டவணையும் வந்தன. கிரெடிட்டுகளை மெட்டா, நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் வாங்கின. மக்களின் ஒப்புதல் முறையாகப் பெறப்படவில்லை, மரபான மேய்ச்சல் முறை குலைக்கப்படுகிறது என்று 2023-இல் பழங்குடி உரிமை அமைப்பான சர்வைவல் இன்டர்நேஷனல் விரிவான அறிக்கை வெளியிட்டது. 2025 ஜனவரியில் இசியோலோ நீதிமன்றம், அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்த நிலக் காப்பகம் சட்டப்படி அமைக்கப்படவே இல்லை என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் அந்த மண்ணின் மக்களே. அவர்களையும் பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் என்பாரா?

அவரிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. டெல்டாவுக்கு மீத்தேன் புதிய சொல் அல்ல. 2010-இல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் நிலக்கரிப் படுகை மீத்தேனை எடுக்கத் தனியார் நிறுவனத்துக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. ஊர் ஊராகப் போய் அதை எதிர்த்துப் பேசிய நம்மாழ்வார், அந்தப் பயணத்திலேயே 2013 டிசம்பர் 30-இல் அத்திவெட்டியில் உயிர் விட்டார். மக்கள் போராடித்தான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2017-இல் நெடுவாசல் கிராமம் ஹைட்ரோகார்பன் எடுப்பதை எதிர்த்துப் போராடியது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததும் இந்த மக்களால்தான். பூமிக்கடியில் இருந்த மீத்தேனை அடியிலேயே இருக்க வைத்தவர்கள் இவர்கள். அதற்காக எந்தச் சந்தையும் இவர்களுக்குக் கிரெடிட் தரவில்லை. இன்றைக்கு அதே மக்களின் வயல் சேற்றிலிருந்து எழுவதைக் குறைத்து, அந்தக் கணக்கைத் தொலைதூரத்தில் எண்ணெய் எரிக்கும் நிறுவனத்துக்கு விற்கச் சொல்கிறார்கள். வாங்குபவர் எரிப்பதை நிறுத்தமாட்டார். வாங்குவதே நிறுத்தாமல் இருப்பதற்காக. கும்பகோணத்து விவசாயி ஒரு முறை பாய்ச்சாமல் விட்டதால் வானத்துக்குக் கிடைத்த ஆறுதல், அந்த நிறுவனத்தின் புகையில் கரைந்துவிடுகிறது. பூமியின் கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை.

அப்படியானால் நெல் மீத்தேனைக் குறைக்கவே வேண்டாமா என்று கேட்பார். வேண்டும், செய்யலாம். வடிகால்களை ஆண்டுதோறும் கோடையில் தூர்வாரட்டும். கடைமடைக்குத் தண்ணீர் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லி, சொன்னபடி விடட்டும். நாள் தெரிந்தால் விவசாயி தாமாகவே காயவிடுவார். கூடும் களைக்கான கூலியை அரசு ஏற்கட்டும். களையெடுக்கும் கருவியான கோனோவீடரை எல்லாக் கூட்டுறவுச் சங்கத்திலும் வைக்கட்டும். நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுபவருக்கு, முன்பே செய்தவரா புதிதாகச் செய்பவரா என்று பார்க்காமல், கொள்முதல் நிலையத்தில் ஊக்கத்தொகை கொடுக்கட்டும். பட்டா இல்லாவிட்டாலும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் சாகுபடி செய்பவராக இருப்பவர் பெயரில் கொடுக்கட்டும். இவை எல்லாம் பொதுப் பணத்தில் செய்ய வேண்டிய பொது வேலை. யாருடைய புகைக்கும் ஈடாக இவற்றை விற்கத் தேவையில்லை.

இதற்குப் பிறகும் கார்பன் ஒப்பந்தமே சிறந்த வழி என்று கட்டுரையாளர் நம்பினால், அவர் பாராட்டும் நிறுவனங்களின் ஒப்பந்தப் படிவத்தைத் தமிழில் முழுசாக வெளியிடச் செய்யட்டும். எத்தனை ஆண்டு பிணைப்பு, விற்ற விலையில் விவசாயிக்கு எத்தனை சதவீதம், விளைச்சல் குறைந்தால் நஷ்டம் யாருக்கு, வயலின் தகவல் யாருக்குச் சொந்தம், நடுவில் விலகினால் அபராதம் உண்டா, குத்தகைதாரருக்கு என்ன பங்கு, கிரெடிட்டை வாங்கியவர் யார் என்ற ஏழு கேள்விக்கும் அதில் பதில் இருக்கட்டும். அதைக் கிராம சபையில் வாசிக்கட்டும். களையெடுக்கும் பெண்களும் அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்விக்கு அவரே நேரில் வந்து பதில் சொல்லட்டும்.